ஒரு பெட்டி பழைய கண்ணாடி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் 187 பழைய மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. "நேபாளத்துக்குப் போகிறேன், வீட்டில் சும்மா கிடக்கும் கண்ணாடி இருந்தால் கொடுங்கள்" என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? செத்துப்போன அப்பாவின் கண்ணாடியை டிஷ்யூ தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கண் கலங்கியவர்கள்கூட உண்டு. விமானத்தில் கூடுதல் எடைக்குத் தனியாகக் காசு கட்டினேன். அந்தக் காசைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். சொந்த ஊர் மதுரைப் பக்கம். பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் எழுதும் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு பவர் கால் புள்ளி கூடியிருக்கும், அல்லது ஃப்ரேம் அலுத்துப் போயிருக்கும். பார்வை போய்விடுமோ என்ற பயத்தோடு வருகிறவர் மாதத்துக்கு ஒருவர். அவரையும் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். 2019 நவம்பரில் இரண்டரை வாரம் விடுமுறை போட்டு நேபாள மலைக்குப் போனதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம். சேவை மனப்பான்மை மட்டும்தான் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

போன இடம் கிழக்கு நேபாளத்தில் கோட்டாங் மாவட்டம். காத்மாண்டுவிலிருந்து ஜீப். துலிகேல் தாண்டியதும் ஜப்பான் உதவியோடு போட்ட சாலை மலையில் குடல் மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிறது. பிறகு சுன்கோசி ஆற்றை ஒட்டி, கடைசியில் ஹலேசி மகாதேவர் குகைக் கோயிலைத் தாண்டி ஏற்றம். காலையில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்க முடிந்தது. அதற்கு முந்தின நாள் காத்மாண்டுவில் சும்மா இருந்தேன் என்று பசுபதிநாதர் கோயிலுக்குப் போனேன். பாக்மதிக் கரையில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் படித்துறைக்குப் பக்கத்திலேயே, தகனத்துக்கு வந்த குடும்பத்தாரிடம் பேசிக் கருவிழியைத் தானமாக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தில்கங்கா கண் மருத்துவமனையின் கண் வங்கிக்கு அது போகிறது. தொழில்காரன் என்ற முறையில் அந்த நாளில் நான் கும்பிட்டது அதைத்தான்.

தில்கங்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. டாக்டர் சந்துக் ரூயித்தும் ஆஸ்திரேலிய மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸும் கண்ட கனவு அது. 1994-இல் திறந்தார்கள். கண்புரை அறுவையில் உள்ளே வைக்கும் லென்ஸ் அப்போது நூறு டாலருக்கு மேல் விற்றது. அதைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்த தொழிற்சாலைகளில் ஒன்று தில்கங்காவில் இருக்கிறது. இன்னொன்று எங்கள் மதுரையில், 1992-இல் தொடங்கிய அரோலேப். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் மருத்துவமனையின் பிள்ளை அது. மலைநாட்டுப் பாட்டி ஒருத்தியின் கண்ணுக்குள் எங்கள் ஊர் லென்ஸும் இருக்கலாம் என்ற நினைப்பு ஜீப் குலுக்கலில் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

நான் தொண்டூழியத்துக்குப் போன கண் மையம் என்பது ஒரு மளிகைக் கடையின் மாடியில் இரண்டு அறை. கண் மருத்துவர் கிடையாது. மூன்று வருடம் கண் உதவியாளர் படிப்பு முடித்த ஒரு பெண்தான் எல்லாம். வயது முப்பதுக்குள். என்னை "தாய்" என்று கூப்பிட்டாள். நேபாளியில் தாய் என்றால் அண்ணன். முதல் நாள் பாதி நேரம் எனக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. அம்மாவுக்கு அங்கே "ஆமா". வாசலில் அவள் "ஆமா, ஆமா" என்று வயதானவர்களைக் கூப்பிடும்போதெல்லாம் யாரோ எதையோ ஒத்துக்கொள்கிறார்கள் என்றே என் காதில் விழுந்தது. நான் அவளைப் பஹினி, அதாவது தங்கை, என்று கூப்பிட்டேன். எங்களுக்குள் பேச்சு அரைகுறை இந்தி. அவளுடைய அரை என்னுடையதைவிடப் பெரிய அரை.

முதல் சாயங்காலமே பெட்டியைத் திறந்து காட்டினேன். பெருமையாகத்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள். பவர் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வது. பத்து கண்ணாடி பார்த்ததும் நிறுத்திவிட்டு, "தாய், நாங்கள் ஆளை வைத்துக்கொண்டு கண்ணாடி தேடுவோம். நீங்கள் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆள் தேடச் சொல்கிறீர்கள்" என்றாள்.

எனக்கு இது தெரியாததா என்ன? தினமும் செய்கிற வேலை. ஒருவருடைய கண்ணாடியில் இடது கண்ணுக்கு ஒரு பவர், வலது கண்ணுக்கு ஒரு பவர், அதில் சிலிண்டர் என்கிற இன்னொரு பவர், சிலிண்டருக்கு ஒரு கோணம், கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் என்று எத்தனையோ இருக்கின்றன. இவை எல்லாம் இன்னொரு மனிதருக்குப் பொருந்த வேண்டும் என்றால் ஜாதகப் பொருத்தம் தேவலை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012-இல் இப்படித் தானமாக வந்த கண்ணாடிகளைச் சோதித்துவிட்டு, நூற்றுக்கு ஏழுதான் தேறும் என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தும் இருக்கிறேன். படித்துவிட்டும் 187 கண்ணாடி சேர்த்தேன். கொடுக்கிறவர்களின் முகம் அப்படி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து லென்ஸ்மீட்டரில் எல்லாவற்றையும் அளந்து சீட்டு ஒட்டினோம். நான் திரும்புவதற்குள் ஆள் கிடைத்தது 11 கண்ணாடிக்கு. விமானத்துக்குக் கட்டிய கூடுதல் எடைக் காசில் காத்மாண்டு மொத்தக் கடையில் புதுப் படிக்கும் கண்ணாடிகள் இதைவிட அதிகமாகவே வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்கை ஜீப்பில் திரும்பும்போது போட்டுப் பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கே படிக்கட்டு நிறைந்துவிடும். கேழ்வரகு அறுவடை முடிகிற சமயம். நேபாளியில் கேழ்வரகுக்குக் கோதோ என்று பெயர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதில் கிண்டிய திண்டோ கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எங்கள் பாட்டியின் களி. அறுவடை என்றாலே கண்ணில் தூசி, சுணை, தாளின் கீறல். கீறல் சிறியதுதான், அதில் கிருமி புகுந்து புண்ணாகிக் கருவிழியே வெள்ளையாகிப் போவதுதான் ஆபத்து. அந்த வெள்ளைத் தழும்புக்கு அங்கே "ஃபுலோ" என்று பெயர், பூ என்கிற மாதிரி. நம் ஊரிலும் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்றுதானே சொல்வோம். காத்மாண்டு பக்கத்துப் பக்தபூரில் செய்த ஓர் ஆய்வு கண் உலகத்தில் பிரசித்தம். கீறல் பட்டவுடன் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் போட்டாலே புண் வராமல் தடுத்துவிடலாம் என்று கிராமத்து ஊழியர்களை வைத்தே நிரூபித்தார்கள். பஹினி அந்தக் களிம்புக் குழாயைப் பக்கத்துக் கிராமங்களின் சுகாதாரத் தொண்டர் பெண்கள் கையில் கொடுத்து வைத்திருந்தாள். எங்கள் ஊரில் கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுக்கிற கிழவி ஒருத்தி இருந்தாள் என்று சொன்னேன். "இங்கேயும் உண்டு. அதனால்தான் களிம்பு" என்றாள்.

அந்தத் தொண்டர் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேபாளத்தில் இவர்கள் 50,000-க்கும் மேல். 1988-இல் அரசு ஆரம்பித்த திட்டம். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பது இவர்கள்தான். மாலைக்கண்ணும் அதனால் வரும் குருடும் அந்த மலைகளில் அரிதாகிப் போனதற்கு இவர்கள் கால்தான் காரணம். தொண்டூழியம் செய்ய வந்திருக்கிறேன் என்று என்னை ஒருவரிடம் பஹினி அறிமுகப்படுத்தினபோது, அந்த அம்மாள் மரியாதையாகக் கும்பிட்டார். முப்பது வருடமாக மலையேறி இறங்கும் தொண்டர் அவர். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எழுத்து தெரியாதவர்களுக்கு ஆங்கில ஈ (E) எழுத்துப் பலகை. ஈ-யின் மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டுகின்றன என்று கையால் காட்ட வேண்டும். மேல், கீழ், இடது, வலது என்பதற்கான நேபாளிச் சொற்களை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டேன். ராய் இனத்துக் கிழவி ஒருத்தி உட்கார்ந்தாள். நான் சுட்டிக் காட்டினேன். அவள் "உம்போ" என்றாள். அடுத்தது "உந்தோ". அடுத்ததற்கு ஏதோ நீளமாகச் சொன்னாள். என் உள்ளங்கையில் இவை எதுவும் இல்லை. தப்பு, தப்பு என்று குறித்துக்கொண்டே போனேன். பஹினி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உம்போ என்றால் ஏற்றத்துப் பக்கம், உந்தோ இறக்கத்துப் பக்கம், நீளமாகச் சொன்னது "ஓடை இருக்கிற பக்கம்". அறைக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஓடை எந்தத் திசையில் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தால் விடை எல்லாம் மாறியிருக்கும். அவள் பார்வை 6/9, ஏறக்குறைய முழுப் பார்வை. என் கணக்கில் அவளை ஏறக்குறைய குருடாக்கி வைத்திருந்தேன்.

தூரப் பார்வையைவிட அங்கே அதிகம் கண்டது வெள்ளெழுத்துதான். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. படிக்கிறவனுக்குத்தான் அது பிரச்சினை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்குப் படிக்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. கொழுந்து பறிப்பது 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. ஒரு கண்ணாடியில் இவ்வளவு கூலி கூடும் என்றால் எந்த முதலாளியும் வாங்கிக் கொடுக்கலாம். ஏன் கொடுப்பதில்லை என்று கேட்காதீர்கள்.

கிட்டப் பார்வையைச் சோதிக்க என்னிடம் அச்சடித்த அட்டை இருந்தது. பஹினி அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு ஒரு நாங்லோவை எடுத்துவந்தாள். நம் ஊர் முறம்தான், வட்டமாக இருக்கும். அதில் ஒரு பிடி அரிசி, நாலைந்து பொடிக் கற்கள். நாற்பத்தெட்டு வயது என்று சொன்ன ஒரு பெண், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவினாள். கண் பார்க்கவில்லை, விரல்தான் தேடியது. ஒரு கல்தான் கிடைத்தது. பிளஸ் இரண்டு போட்டு விட்டேன். கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். பிறகு கல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு நிறுத்தவில்லை. நாங்கள் போடாத ஒரு கருப்பரிசியையும் ஓர் அந்துப்பூச்சியையும் எடுத்துத் தரையில் போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. என் சட்டையின் மூன்றாவது பொத்தான் நூலில் தொங்குகிறதாம். கண்ணாடியைக் கழற்றாமலேயே ஊசி நூல் வாங்கித் தைத்தும் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்க ஒரே முயற்சி. அதற்குப் பிறகு எனக்கு அந்த அச்சடித்த அட்டை தேவைப்படவில்லை.

இன்னொரு நாள் ஒரு பெரியவர் கோலூன்றி வந்தார். புரை இல்லை, புண் இல்லை, கண்ணுக்குள் லென்ஸே இல்லை. 1980-களில் ஏதோ முகாமில் அறுவை செய்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் புரையோடு லென்ஸை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் பாட்டிக்கும் அப்படித்தான். மதுரையில் இருந்து முகாம் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய், நாலாம் நாள் இறக்கி விட்டது. அந்தக் கண்ணாடியை அவள் காதோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே தூங்குவாள். இவருடைய கண்ணாடியை ஆறு வருடத்துக்கு முன் ஆடு மிதித்துவிட்டதாம். அன்றிலிருந்து அவர் குருடர். பிளஸ் பத்து வேண்டும். ஓடிப்போய் என் பெட்டியைக் கவிழ்த்தேன். 187-இல் ஒன்றுகூட இல்லை. பஹினி பீரோவின் அடித்தட்டைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த நாலு சோடாபுட்டிகளில் ஒன்றை எடுத்து மாட்டினாள். இப்படி வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள் என்று வாங்கி வைத்திருக்கிறாள். பெரியவர் மாடிப்படியைக் கோல் இல்லாமல் இறங்கிப் போனார். கோலை மறுநாள் பேரன் வந்து எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது வாரம் அறுவை முகாம். நம் ஊரில் நோயாளியைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே மருத்துவமனை ஜீப்பில் ஏறி வருகிறது. மைக்ராஸ்கோப், ஜெனரேட்டர், ஸ்டெரிலைஸர், லென்ஸ் பெட்டிகள். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையைக் கழுவி, ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஒட்டி, தியேட்டர். கண்ணின் வெள்ளை விழியில் சின்ன சுரங்கம் போட்டுப் புரையை எடுத்து லென்ஸ் வைக்கும் முறை. தையல் வேண்டாம், சுரங்கம் தானே மூடிக்கொள்ளும். ஒலி அலையால் புரையை உடைத்தெடுக்கும் விலையுயர்ந்த ஃபேக்கோ இயந்திரத்தோடு ஒப்பிட்டு ரூயித்தும் அமெரிக்க மருத்துவர் டேவிட் சாங்கும் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவிலும் நேரத்திலும் நிறைய வித்தியாசம். முற்றிப் பழுப்பேறிய மலைநாட்டுப் புரைக்கு இதுதான் சரியும்கூட. மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும் காட்சியை நீங்கள் எத்தனையோ வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அது நிஜம்தான், அழுகையும் சிரிப்பும் எல்லாமே நிஜம்தான். அதை நான் எழுதப்போவதில்லை.

எழுத வேண்டியது முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. கடைசியில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அன்று பட்டியல் போடும் நாள். பஹினி உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண் டோகோவை இறக்கினாள். மூங்கில் கூடை. விறகு, புல், சாணம், எல்லாம் அதில்தான். நெற்றியில் பட்டை போட்டு முதுகில் சுமப்பார்கள். கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி, அதில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய மாமனார். மூன்று மணி நேரம் மலையேற்றம். எலும்பும் தோலுமான ஆள் என்றாலும் ஆள்தானே. பாஜே, அதாவது தாத்தா, என்று கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தேன். டார்ச் அடித்தேன். இரண்டு கண்ணிலும் பால் வெள்ளைப் புரை. பாடப்புத்தகத்தில் போடும் படம் மாதிரி. பத்து நாளில் நான் கற்றிருந்த நேபாளி எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. "மோதிபிந்து" என்றேன். அவர் தோளைத் தட்டி "டிக் ஹுன்ச, பாஜே" என்றேன். சரியாகிவிடும். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மருமகள் நெற்றிப் பட்டையின் தழும்பைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பஹினி வந்தாள். அவளும் டார்ச் அடித்தாள், ஆனால் அவள் புரையைப் பார்க்கவில்லை, கண்மணியைப் பார்த்தாள். புரை எவ்வளவு முற்றியிருந்தாலும் பின்னால் நரம்பு உயிரோடு இருந்தால் வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கும். அது சுருங்கவில்லை. விரிந்து அப்படியே நின்றது. இருட்டறைக்குக் கூட்டிப்போய் நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் காட்டி, எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. மூடிய இமைமேல் இரண்டு விரல் வைத்து அழுத்தினாள். என் விரலையும் எடுத்து வைத்தாள். கூழாங்கல். கண் அழுத்த நோய், அவர்கள் சொல்வது ஜல்பிந்து. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நரம்பைத் தின்றுவிட்டு, அதன்மேல் புரையும் வந்து மூடியிருக்கிறது. புரையை எடுத்தாலும் இருட்டுதான்.

முதலாம் ஆண்டு மாணவன் செய்யும் சோதனை இது. கடையில் பதினெட்டு வருடம் ஃப்ரேம் மாட்டியதில் எனக்குக் கை மறந்துபோயிருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் நான் பார்க்கவே இல்லை. நல்ல செய்தி சொல்கிற அவசரம்.

பஹினி என்னைத் திட்டவில்லை. பாஜே முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, மெதுவாக, நீளமாகப் பேசினாள். எனக்கு ஒரு சொல்தான் விளங்கியது. "ஹுந்தைன." ஆகாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ கேட்டார். என்ன கேட்கிறார் என்றேன். "அந்த வெளியூர்ப் பிள்ளை ஆகும் என்றானே என்று கேட்கிறார்" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

டீ வந்தது. கிழவர் குடித்துக்கொண்டிருக்கும்போது பஹினி மருமகளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் வேண்டாம், வேண்டாம், நான் அவருக்காக வந்தேன் என்றாள். நாங்லோ வந்தது. ஒன்றரை பவர். அவள் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, முடிந்து வைத்திருந்த ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தாள். அறுவைக்குச் செலவாகும் என்று கொண்டுவந்த காசாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. அதே துணியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். டோகோவைப் படியில் சாய்த்து வைத்தோம். நான் பாஜேயைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் பட்டையை நெற்றியில் ஏற்றி, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

டோகோவில் உட்காருகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். அதனால் அவள் இறக்கத்தில் இறங்கிப் போகப் போக, பாஜேயின் முகம் எங்களைப் பார்த்தபடியே போனது. வழக்கம்போல் நான் கையைத் தூக்கி ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. திருப்பம் வருவதற்குள் சத்தமாக "நமஸ்தே, பாஜே" என்று கத்தினேன். குரல் வந்த பக்கத்துக்கு இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். கொஞ்சம் இடதுபுறமாகக் காட்டினார். அங்கே மளிகைக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கும்பிட்டார்.